தாத்தா காலத்துத் திண்டுக்கல் பூட்டு இறுகிக் கிடக்கிறது, உடைக்காமல் திறக்க வழி உண்டா?

மலைக்காபி:

எல்லோருக்கும் வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது, நடுவில் ஒரு ஓட்டுக் கொட்டகை. பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷின், சாக்கு, மருந்தடிக்கும் டின், கவாத்துக் கத்தி எல்லாம் அதற்குள்தான். தாத்தா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் யாரும் அதைத் திறக்கவில்லை, பழத்தையும் மரத்தோடு பேசி வெளியாளுக்கு விட்டுவிட்டோம். இந்த வருடம் நாமே எடுப்போம் என்று போனால் பூட்டு அசைய மாட்டேன் என்கிறது.

பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, நல்ல கனம். சாவி அப்பத்தாவின் சுருக்குப் பையில் பத்திரமாக இருந்தது, பித்தளைச் சாவி, அதில் ஒரு குறையும் இல்லை. பூட்டுதான் செதில் செதிலாகத் துரு ஏறி, தொட்டால் விரலில் செம்மண் மாதிரி ஒட்டுகிறது. கொட்டகை கிழக்குச் சரிவில் இருக்கிறது, ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் நேரே கதவில்தான் அடிக்கும்.

இதுவரை செய்தது: நாலு நாளாகக் காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் விட்டேன், சாவியைப் போட்டுத் திருகினேன், சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பா கிரைண்டர் கொண்டுவரட்டுமா, இரண்டு நிமிட வேலை என்கிறார். அப்பத்தா விடவில்லை, அது தாத்தா கடைசியாகத் தன் கையால் பூட்டிய பூட்டாம். எனக்கும் அறுக்க மனசில்லை. ஆனால் பழம் சிவந்து நிற்கிறது, பத்து நாளில் ஆள் விட்டாக வேண்டும், எடுத்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போடாவிட்டால் புளித்து வீணாகும் என்று உங்களுக்குத் தெரியும். என்ன செய்யலாம்?

ஊட்டிக்குளிர்:

டபிள்யூ.டி.-40 ஒரு டின் வாங்கிச் சாவித்துளையில் நீளக் குழாயை விட்டு அடியுங்கள், ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் திறக்கும். எங்கள் வீட்டு கேட் பூட்டு அப்படித்தான் திறந்தது.

அப்புறம் தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள் முதலில்! 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெய் அது. நம் ஊர்களில் குளியலறை பாட்டிலில் வெள்ளையாகக் கட்டி நிற்பதைத் தினமும் பார்த்துவிட்டு அதையே பூட்டுக்குள்ளும் ஊற்றுகிறோம். நாலு நாள் ஊற்றியிருக்கிறீர்கள், உள்ளே மெழுகு வார்த்த மாதிரி இருக்கும்.

கோத்தகிரி சரிவு:

கிரைண்டர் பற்றி ஒரு வார்த்தை, பட்டவன் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தேயிலைக் கொட்டகைப் பூட்டு இதே மாதிரி இறுகிக்கொண்டது. இரண்டு நாள் டீசல் ஊற்றிப் பார்த்தோம், மூன்றாம் நாள் பொறுமை போய் கிரைண்டரில் கட்டிங் வீல் மாட்டி வைத்தேன். பொறி பறந்து, டீசலில் ஊறிய கதவும் கீழே கிடந்த துணியும் குப்பென்று பிடித்துக்கொண்டன. பக்கத்தில் தண்ணீர் டிரம் இருந்ததால் கொட்டகை தப்பியது, என் புருவம் தப்பவில்லை. அதனால் எண்ணெய் வழியா, அறுக்கிற வழியா, ஏதாவது ஒன்று. டீசலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டு விட்டிருந்தாலும் பொறி பறக்கும் கருவி அந்தக் கதவுப் பக்கமே வரக்கூடாது. அறுத்தே ஆகவேண்டும் என்றால் ஆக்ஸா பிளேடுதான், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஏன் எல்லோரும் பூட்டையே அறுக்கப் பார்க்கிறீர்கள்? நாதாங்கியை அறுங்களேன். இப்போது வரும் நல்ல பூட்டுகளின் வளையம் கடினப்படுத்திய இரும்பு, பிளேடு பல் கொட்டிவிடும், வளையத்தில் கீறல்கூட விழாது. நாதாங்கியோ சாதாரண இரும்பு, கொல்லரிடம் சொன்னால் புதிதாக அடித்துக் கொடுத்துவிடுவார். பூட்டு முழுசாகக் கையில் வரும், பாட்டி கோபமும் தீரும். கதவு பழைய கதவாக இருந்து குடுமியில் நிற்கிறது என்றால் அதுகூட வேண்டாம், கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் குடுமி குழியை விட்டு எழும்பிவிடும், கதவோடு கழற்றி வைத்துவிடலாம்.

சிறுமலைத் தேன்:

கரடியிடம் சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கம் பூட்டாவது சாவியாவது, ஒரே தள்ளு.

பூட்டுக்காரர் வீடு:

திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். அப்பா பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தே எங்களைப் படிக்க வைத்தவர், நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை, ஆனால் பள்ளி விட்டு வந்தால் லீவர் தகட்டுக்கு ராவுவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, பூட்டு திறக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது, எப்படித் திறக்கவில்லை என்று பார்க்க வேண்டும். சாவி முழுசாக உள்ளே போகிறதா? போய், திரும்ப மறுக்கிறதா? இல்லை, சாவி திரும்பிவிட்டது, வளையம் மட்டும் வரவில்லையா? மூன்றும் மூன்று நோய், மூன்றுக்கும் ஒரே எண்ணெய் மருந்தாகாது.

சாவி திரும்பி வளையம் வரவில்லை என்றால் அநேகமாகப் பூட்டில் கோளாறே இருக்காது. பழைய பூட்டுகள் பலவற்றில் வளையம் தானாகத் துள்ளாது, நாம்தான் கையால் இழுக்க வேண்டும். வளையத்தின் ஒரு கால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், இன்னொரு கால் ஆணியில் கீல் மாதிரி ஆடும். எல்லோரும் சாவித்துளையிலேயே எண்ணெயைக் கொட்டுவார்கள், அந்தக் கீல் ஆணியை ஒருத்தரும் கவனிப்பதில்லை. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும், ஆணிக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச இடைவெளியையும் அடைத்துக்கொள்ளும், அப்புறம் எங்கே ஆடுவது.

சாவி முழுசாகப் போய்த் திரும்ப மறுத்தால் லீவர் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தகடு தகடாக லீவர்கள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய வில். சாவியின் வெட்டு ஒவ்வொரு லீவரையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் நகராது. அந்த நேரத்தில் பலம் காட்டினால் பித்தளைச் சாவிதான் முறுக்கிக்கொள்ளும், ஒடிந்து பாதி உள்ளே நின்றால் தீர்ந்தது கதை. பூட்டைக் கையில் தாங்கிக்கொண்டு பக்கவாட்டில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சாவியை இங்கும் அங்கும் நூலளவு அசைக்க வேண்டும். தட்டுகிற அதிர்வில் லீவர் விடுபடும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், உடம்புத் தகடு நசுங்கினால் லீவரையும் சேர்த்து நெருக்கும்.

சாவி முழுசாகவே போகவில்லை என்றால் அது வேறு விஷயம். எதுவென்று பார்த்து எழுதுங்கள், அதுவரை திருகாதீர்கள்.

(2019-ல் நம் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதே வருடம் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தம் வாங்க வரிசை நிற்கிறது. பட்டறைத் தெருவில் அரம் தேய்கிற சத்தம் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் அப்பத்தா அந்தப் பூட்டை விடவில்லை என்று படித்தபோது நன்றாக இருந்தது.)

மலைக்காபி:

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. இன்று காலை போய்ப் பார்த்தேன். சாவியில் மை தடவிப் போட்டுப் பார்த்ததில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் உள்ளே போகிறது, அதற்கு மேல் மெத்தென்று முட்டுகிறது. இரும்பில் இடிக்கிற மாதிரி இல்லை.

கோத்தகிரி அண்ணா, குடுமிக் கதவுதான், நீங்கள் சொன்ன மாதிரி கடப்பாரை போட்டுப் பார்த்தோம், மழையில் பலகை ஊதி நிலையோடு இறுகிவிட்டது, அரை விரல்கூட எழும்பவில்லை.

பூட்டுக்காரர் வீடு:

மெத்தென்று முட்டினால் துரு இல்லை, துளைக்குள் ஏதோ அடைத்திருக்கிறது. பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்து முனையைக் கொறட்டால் சின்னக் கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குத்தித் தள்ளாதீர்கள், தள்ளினால் லீவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓரமாக விட்டு, கொக்கியைத் திருப்பி, வெளியே இழுங்கள். வருவதை ஒரு தாளில் பிடியுங்கள், என்னவென்று பார்த்தால் மீதியைச் சொல்லிவிடலாம்.

மலைக்காபி:

நம்ப மாட்டீர்கள். முதலில் வந்தது வெள்ளையும் செம்மையும் கலந்த பசை, பாயசத்தில் மண் விழுந்த மாதிரி. அது என் தேங்காய் எண்ணெய், சந்தேகமே இல்லை. அதற்குப் பின்னால் கட்டிக் கட்டியாகக் களிமண். மண்ணை உடைத்துப் பார்த்தால் நடுவில் சின்னச் சின்னச் சிலந்திகள், ஏழெட்டு இருக்கும், கால் மடங்கிக் காய்ந்து கிடந்தன.

பூட்டுக்காரர் வீடு:

குளவி! மண்குளவி கட்டிய கூடு அது. சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைத்து, முட்டை வைத்து, மண்ணால் பூசிவிட்டுப் போய்விடும், குஞ்சுக்குத் தீனி. சாவித்துளை அதற்கு அளவெடுத்துக் கட்டிய வீடு. அந்தக் காலப் பூட்டுகளில் துளைக்கு மேலே தள்ளுகிற மாதிரி ஒரு மூடி இருக்கும், உங்களுடையதில் உடைந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி செய்யவேண்டியது: கம்பியில் வருகிற மட்டும் மண்ணை எடுங்கள். அப்புறம் நல்ல சூடான தண்ணீரை ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்துத் துளைக்குள் பீய்ச்சுங்கள், பூட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு. சூட்டில் தேங்காய் எண்ணெய் இளகும், மண்ணும் கரைந்து வெளியே வரும். வருகிற தண்ணீர் தெளிகிறவரை விடாதீர்கள். பிறகு ஈரம் போகக் காய வைக்க வேண்டும், வெயில் இல்லாவிட்டால் முடி உலர்த்தும் மெஷினைப் பிடிக்கலாம். அதற்கப்புறம்தான் டபிள்யூ.டி.-40. ஊட்டித் தம்பி தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் களிமண்ணில் அதை அடித்திருந்தால் இன்னும் நல்ல சேறாகியிருக்கும். அதன் பெயரிலேயே இருக்கிறது, டபிள்யூ.டி. என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், தண்ணீரை விலக்குவதுதான் அதன் முதல் வேலை, உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தைத் துரத்தும், துருவையும் கொஞ்சம் இளக்கும். கீல் ஆணிக்கும் வளையத்தின் கால் இறங்கும் துளைக்கும் அடிக்க மறக்காதீர்கள். ஒரு நாள் ஊற விடுங்கள்.

மெக்கானிக் மச்சான்:

ஆணி அப்போதும் விடவில்லை என்றால் ஆட்டோமேட்டிக் கார் கியர் பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள், கடையில் டின்னில் விற்பதற்கு இது இளைத்ததில்லை. இரண்டும் தானாகப் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். பெயிண்ட் மேல் பட்டால் உரித்துவிடும், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி வேண்டாம்.

மலைக்காபி:

திறந்துவிட்டது!!

நேற்று முழுக்க வெந்நீர். ஃபிளாஸ்கில் எடுத்துப் போய் ஏழெட்டு சிரிஞ்ச் அடித்த பிறகுதான் தெளிந்த தண்ணீர் வந்தது. சாயங்காலம் ஸ்பிரே அடித்துவிட்டு வந்தேன். இன்று காலை சாவி கழுத்துவரை உள்ளே போனது, ஆனால் திரும்பவில்லை. சில்வர் ஓக் கட்டை ஒன்றால் பக்கத்தில் தட்டித் தட்டி நூலளவு நூலளவாக ஆட்டினேன், இருபது நிமிடம் இருக்கும், கை வலித்து விட்டுவிடலாம் என்று நினைத்தபோது உள்ளே டக் டக் என்று இரண்டு சத்தம், சாவி அரைச் சுற்று வழுக்கிக்கொண்டு போனது. வளையம் அப்போதும் வரவில்லை. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் மறுபடியும் திருகியிருப்பேன். கீல் ஆணிக்கு இரண்டு முறை ஸ்பிரே, மேலும் ஒரு மணி நேரம், அப்புறம் கையால் இழுத்தால் கிர்ரென்று வந்தது. மச்சானின் கலவைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அப்பத்தா பூட்டை வாங்கி முந்தானையில் துடைத்துப் பார்த்துவிட்டு, இதில் மூடி இருந்ததே, அது எங்கே என்றுதான் கேட்டார்.

இனிமேல் இதற்கு எண்ணெய் விடலாமா, கூடாதா?

ஊட்டிக்குளிர்:

பென்சில் தூள். கிராஃபைட் எண்ணெய் மாதிரி தூசியைப் பிடிக்காது, குளிரில் உறையாது.

பூட்டுக்காரர் வீடு:

லீவருக்குப் பதில் உள்ளே சின்ன ஊசிகள் வைத்த ஊசி பூட்டுக்குப் பென்சில் தூள் சரி. இந்த மாதிரி இரும்பு லீவர் பூட்டுக்கு, அதுவும் மழை அடிக்கிற கதவில், தையல் மெஷின் ஆயில்தான் என் கட்சி, துருவையும் தடுக்கும். ஐப்பசி பிறக்கும் முன் இரண்டு சொட்டு, மழை ஓய்ந்ததும் இரண்டு சொட்டு. எதுவானாலும் ஒன்றை மட்டும் வையுங்கள், தூளும் எண்ணெயும் சேர்ந்தால் மறுபடி சேறுதான். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நல்லெண்ணெய்கூட நாளாக நாளாகப் பிசினாகிவிடும். மூடிக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபில் நாக்கு மாதிரி ஒரு துண்டு வெட்டி, துளையை மறைத்துத் தொங்கும்படி வளையத்தில் கட்டிவிடுங்கள். குளவிக்கு அது போதும்.

மலைக்காபி:

டியூப் கட்டியாயிற்று அண்ணே. உள்ளே பல்பரைப் பார்த்தேன், டிரம்மின் செம்புத் தகடு பளபளவென்று இருக்கிறது, கைப்பிடி அச்சுதான் இறுகிப் போய்ச் சுற்றவே மாட்டேன் என்கிறது. மச்சான், அந்தக் கலவையைக் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள், எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?