மறு: ஃப்ளைபேக் டையோடுக்குத் தமிழ்ச்சொல்: "உதைதாங்கி"யை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட். அதைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலனாய்டின் வயரிங் பற்றி நாம் சேர்ந்து எழுதும் கையேடு ஃப்ளைபேக் டையோடு என்ற இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. டையோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம். மற்றவற்றை விரைவாக முடித்துவிடலாம். சோலனாய்டு அப்படியே இருக்கட்டும். பாடநூலில் வரும் வரிச்சுருள் கம்பிச் சுருளை மட்டும் குறிக்கும். நம் கையில் இருப்பதோ சுருளும் வால்வும் மூன்று காற்றுவாயும் சேர்ந்த ஒரே பொருள். ஃபியூஸுக்கு உருகி என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. பூஸ்டை பூஸ்ட் என்றே எழுதலாம்.

> "பாதுகாப்பு டையோடு" என்று எழுதிவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். முதல் வரைவில் நானே அப்படித்தான் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் சோலனாய்டுக்குப் போகும் 12 வோல்ட் கம்பியை வெட்டி, டையோடை நடுவில் தொடராகச் சேர்த்துவிட்டார். படம் அனுப்பியிருந்தார். பற்றவைப்பு பளிச்சென்று இருந்தது, மேலே சுருங்கு குழாயும் போட்டிருந்தார். வண்டி ஓடியது, சோலனாய்டும் டிக்டிக் என்று துடித்தது. சில நாளில், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குள் சோலனாய்டை இயக்கும் மின்சுவிட்சான டிரான்சிஸ்டர் போய்விட்டது. அவர் மேல் குறையே இல்லை. பாதுகாப்பு என்றால் வாசலில் நிற்பது என்று நினைத்தார், டையோடை வாசலில் நிறுத்தினார். எதை எதிலிருந்து காக்கிறது என்பதை என் சொல் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். சாவியைத் திருப்பினால் உருகி வழியாக 12 வோல்ட் சோலனாய்டின் ஒரு முனைக்கு வருகிறது. மறுமுனை இசியூவுக்குப் போகிறது. இசியூ அந்த முனையை நொடிக்கு 20, 30 முறை தரையோடு, அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த வண்டியின் பாடியோடு, இணைத்து இணைத்து விடுகிறது. சுருளின் தடை பெரும்பாலும் 20 முதல் 30 ஓம், ஓடும் மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவு. பார்க்கச் சிறியதுதான். ஆனால் சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும். டிரான்சிஸ்டர் இணைப்பைத் துண்டித்ததும் சுருள் தன் காந்தப்புலத்தில் சேர்த்து வைத்த ஆற்றலைக் கொண்டு மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கப் பார்க்கிறது. போக வழியில்லாததால் இசியூ பக்க முனையில் மின்னழுத்தம் ஒரே தாவாக நூறு வோல்ட்டையும் தாண்டிப் போகலாம். இது ஒரு நொடியில் பல முறை, வண்டி ஓடும் நேரமெல்லாம் நடக்கிறது.

1832-இல் ஜோசப் ஹென்றி எழுதியதும் இதைப் பற்றித்தான். நீளமான கம்பியின் இணைப்பைத் துண்டிக்கும்போது பொறி பறக்கிறது என்று அவர் கண்டார். நம் பாடநூல்கள் இதன் காரணத்துக்குத் தன்மின்தூண்டல் என்று நல்ல பெயர் வைத்திருக்கின்றன. ஆனால் அந்த ஒரு கணத்துத் தாவலுக்குத் தனிப்பெயர் இல்லை. அதற்கு "உதை" என்று வைப்போம் என்கிறேன். துப்பாக்கி உதைக்கும், பழைய எஞ்சினின் கைப்பிடி உதைக்கும். தள்ளியது நின்றதும் திரும்பி வரும் அடி என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

> "கழிவு மின்னழுத்தம்" அல்லது "கேடு மின்னழுத்தம்" பொருந்தாதா?

பொருந்தாது. அதே எஞ்சினில் இக்னிஷன் காயில் இருக்கிறது. அதில் முதன்மைச் சுருளின் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தி, இதே உதையை வேண்டுமென்றே வரவழைத்துத்தான் ஸ்பார்க் பிளக்கில் பொறி எடுக்கிறோம். அங்கே அது கழிவும் இல்லை, கேடும் இல்லை. உதை என்ற சொல் இரண்டு இடத்துக்கும் சரியாக இருக்கும்.

> "கலிங்கு டையோடு" என்பது அழகாக இருக்கிறதே.

அழகான சொல்தான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கலிங்கு என்பது ஏரியில் மிகுந்த நீரை வெளியேற்றும் இடம். இந்த டையோடு எதையும் வெளியேற்றுவதில்லை. மின்னோட்டத்தைச் சுருளுக்கே திருப்பிவிட்டு, அது சுற்றிச் சுற்றித் தானாக அடங்கும்வரை வழி கொடுக்கிறது. கலிங்கை வேஸ்ட்கேட்டுக்குக் கொடுத்துவிடுவோம். டர்போவின் விசையாழிக்குப் போகாமல் மிகுதியான புகையைத் திசைதிருப்பும் கதவுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தனி இழையில் பேசலாம்.

"சுற்றோட்ட டையோடு" என்ற பரிந்துரை மின்னோட்டம் போகும் பாதையைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் புதிதாக வருபவருக்கு ஏன் வைக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும், எப்படி வேலை செய்கிறது என்பது அப்புறம். இடிதாங்கி, சுமைதாங்கி என்று எதைத் தாங்குகிறதோ அதை முன்வைத்துப் பெயரிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இடிதாங்கியை யாரும் மின்கம்பிக்கு நடுவில் தொடராகச் சேர்க்க மாட்டார்கள். அதனால்தான் உதைதாங்கி.

இன்னொரு வசதியும் உண்டு. உதையைத் தாங்குவது டையோடு மட்டுமில்லை. வெறும் டையோடு வைத்தால் மின்னோட்டம் மெதுவாக அடங்கும், வால்வும் தாமதமாக மூடும். நொடிக்கு 30 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 33 மில்லிநொடிதான். அதில் சில மில்லிநொடி கூடினாலே அதே துடிப்பகலத்துக்கு (ஒவ்வொரு துடிப்பிலும் இசியூ இணைப்புக் கொடுக்கும் நேரத்துக்கு) பூஸ்ட் மாறிவிடும். வேகமாக மூட வேண்டுமென்றால் டையோடோடு எதிர்முகமாக ஒரு ஜீனர் சேர்ப்பார்கள். குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் மின்னோட்டத்தை விடும் டையோடு அது. பல இசியூக்களில் உதையை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத அமைப்பு உள்ளேயே இருக்கும். அதற்கு வெளியே நாமும் ஒரு டையோடு வைத்தால் ஏற்கெனவே டியூன் செய்தது கலைந்துவிடும். எனவே "உள் உதைதாங்கி", "ஜீனர் உதைதாங்கி", "டையோடு உதைதாங்கி" என்று மூன்றையும் ஒரே குடும்பமாகச் சொல்லலாம். டையோடை வாங்கும் முன் உள் உதைதாங்கி இருக்கிறதா என்று பாருங்கள் என்ற வரியை கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

உருகியும் உதைதாங்கியும் காக்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சோலனாய்டிலிருந்து இசியூவுக்குப் போகும் கம்பியின் உறை தேய்ந்து பாடியில் பட்டால், சோலனாய்டு மூடாமல் திறந்தே நிற்கும். வேஸ்ட்கேட்டைத் திறக்க வேண்டிய காற்றழுத்தம் அதற்குப் போகாது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். சுருள் வழியாகத்தான் மின்னோட்டம் ஓடுகிறது என்பதால் உருகியும் எரியாது. அதே கம்பி அறுந்துபோனால் ஆபத்தில்லை, குழாய்களைச் சரியாக மாட்டியிருந்தால் வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் அனுமதிக்கும் குறைந்த பூஸ்டோடு வண்டி ஓடும். ஆகவே அறுவதும் உரசுவதும் வேறு வேறு பழுது. வரைவில் இரண்டையும் "கம்பிப் பழுது" என்று சேர்த்து எழுதியிருக்கிறோம், பிரித்தாக வேண்டும்.

கடைசியாக, எனக்கு இன்னும் உறுத்துவது டையோடின் முனைகள். இரண்டில் ஒன்றான கேத்தோடுக்கு எதிர்மின்வாய் என்பது பாடநூல் சொல். ஆனால் இந்த இடத்தில் கேத்தோடு 12 வோல்ட் பக்கம் வர வேண்டும். "எதிர்மின்வாய்" என்று படிப்பவர் அதை எதிர்முனைப் பக்கம் மாட்டத்தான் நினைப்பார். மாட்டினால் டிரான்சிஸ்டர் இணைப்புக் கொடுத்த அந்தக் கணமே டையோடு வழியாகக் குறுக்குச்சுற்று. உருகி எரிந்தால் பிழைத்தோம், அதற்கு முன் டிரான்சிஸ்டர் எரிந்தால் இசியூவைத் திறக்க வேண்டும். அதனால் கையேட்டில் முனையைப் பெயரால் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டு சொல்லலாம். 1என்4007 டையோடின் கறுப்பு உடலில் ஒரு முனையில் மட்டும் வெள்ளிப்பட்டை இருக்கும், அதுதான் கேத்தோடு.

நான் எழுதிப் பார்த்த வரி இது:

"உதைதாங்கி டையோடைச் சோலனாய்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே, இணையாக மாட்டவும். வெள்ளிப்பட்டை உள்ள முனை உருகியிலிருந்து வரும் கம்பியோடும், பட்டை இல்லாத முனை இசியூவுக்குப் போகும் கம்பியோடும் சேர வேண்டும்."

இந்த வரியை மட்டும் படித்துவிட்டு, படம் பார்க்காமல், ஒருவரால் சரியாக மாட்ட முடியுமா? வீட்டில் வயரிங் தெரியாத யாரிடமாவது கொடுத்து ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். தவறாக வரைந்தால் அந்தத் தாளையே படமெடுத்து இங்கே அனுப்புங்கள், எந்தச் சொல் அவரைத் திசைமாற்றியது என்று பார்த்து மாற்றுவோம்.