ஈரி கால்வாய்ப் பாட்டும் கதையும்: நாட்டார் வழக்கா, விற்பனைக்கு எழுதியதா?

படித்துறை:
அமெரிக்கக் கால்வாய் இலக்கியம் என்றாலே, நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைத்த ஈரி கால்வாயைப் பற்றிய 'லோ பிரிட்ஜ், எவ்ரிபடி டவுன்' ('தாழ்ந்த பாலம், எல்லோரும் குனியுங்கள்') பாட்டை நாட்டுப்பாடல் என்று எடுத்து வைக்கிறார்கள். இதை ஏற்க முடியாது. தாமஸ் ஆலன் என்ற தொழில்முறைப் பாடலாசிரியர் எழுதி, 1913-ல் அச்சிட்டு விற்ற பாட்டு அது. அப்போதே எந்திரப் படகுகளுக்காக நியூயார்க் மாநிலம் புதிய கால்வாயை வெட்டிக்கொண்டிருந்தது. கரையில் நடந்து படகைக் கயிற்றால் இழுத்த கோவேறு கழுதைகளின் காலம் முடியப்போகும் நேரத்தில் ஏக்கத்தைக் காசாக்கிய பாட்டு.

வேலை தெரியாதவர் எழுதியது என்பதும் பாட்டிலேயே தெரிகிறது. 'சால்' என்ற ஒற்றைக் கழுதை 15 வருஷம் சரக்குப் படகை இழுத்ததாம். 1825-ல் திறந்த கால்வாய் 40 அடி அகலம், 4 அடி ஆழம். படகுக்கு 30 டன் சரக்கு. 1862-ல் முடிந்த விரிவாக்கத்துக்குப் பிறகு அகலம் 70, ஆழம் 7, சரக்கு 240 டன் வரை. அதற்கு இரண்டு மூன்று கழுதைகள் பூட்ட வேண்டும். இன்னொரு ஜோடி படகின் முன்பக்கத் தொழுவத்தில் நிற்கும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். இழுகயிற்றைப் பிடித்த எவரும் ஒற்றைக் கழுதையைப் பாடியிருக்க மாட்டார்.

வால்டர் எட்மண்ட்ஸின் 'ரோம் ஹால்' நாவலும் (1929) இதே வகைதான். 1903-ல் பிறந்தவர் 1850-ன் கால்வாயை எழுதுகிறார். உண்மையான கால்வாய் எழுத்து எழுத்தாளர் ஹாதார்னின் 1835 கட்டுரையும், மெல்விலின் 'மோபி டிக்' நாவலின் 54-ஆம் அத்தியாயமும்தான்.

மதகடி:
எழுதியவர் பேர் தெரிந்தால் நாட்டார் வழக்கு ஆகாதா? ஆலன் அச்சிட்டது 'பதினைந்து வருஷம்'. இன்று பாடுகிறவர்கள் பெரும்பாலும் 'பதினைந்து மைல்' என்றுதான் பாடுகிறார்கள். வாய்க்கு வாய் போன பாட்டில் மட்டும் நடக்கிற மாற்றம் அது.

பல்லவியும் வெறும் ஏக்கம் இல்லை. கால்வாய் விவசாயிகளின் நிலங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. மறுபக்க வயலுக்குப் போக மாநில அரசு பாலம் போட்டுத்தர வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கில் போட்டதால் செலவைக் குறைக்கத் தாழ்வாகவே கட்டினார்கள். படகின் கூரையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு பாலத்துக்கும் படுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தலையில் அடி. சுக்கான்காரர் போட்ட அந்தச் சத்தம் அப்படியே பாட்டில் இருக்கிறது.

எட்மண்ட்ஸ் பிறந்த பூன்வில், பிளாக் ரிவர் கால்வாயின் கரையில் இருக்கிற ஊர். 35 மைலுக்கு 109 லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை மேடு பள்ளம் கடத்தும் கதவுத் தொட்டி) வைத்த கிளைக் கால்வாய் அது. 363 மைல் நீளமுள்ள ஈரியிலேயே முதலில் இருந்தவை 83 லாக்தான். அவருடைய சிறுவயதிலும் அந்தக் கிளை ஓடிக்கொண்டிருந்தது. பார்க்காததை எழுதினார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இழுகயிற்றைப் பிடித்தவர்தான் எழுத வேண்டும் என்றால் மெல்வில் எங்கே பிடித்தார்? லான்சிங்பர்க் பள்ளியில் நில அளவை படித்தார், கால்வாய்ப் பொறியியல் பிரிவில் வேலைக்கு முயன்றார், கிடைக்கவில்லை. ஹாதார்னோ பயணச்சீட்டு வாங்கி ஏறியவர்.

ஏடகம்:
இருவரும் ஆலனையே சுற்றுகிறீர்கள். அவருக்கு முன்பே வலுவான ஒரு பாட்டு மரபு இருந்தது: கால்வாயில் புயல். நடுக்கடல் போல அலை அடிக்கிறது, கப்பல் முழுகப்போகிறது, ஜின் தீர்ந்துகொண்டே வருகிறது. இத்தனையும் இடுப்பளவு தண்ணீரில்! மார்க் ட்வைன் 'ரஃபிங் இட்' (1872) நூலில் இதையே நீண்ட பாட்டாக எழுதினார். கடைசியில் ஒரு விவசாயி கரையிலிருந்து பலகை போட, எல்லோரும் நடந்து இறங்குகிறார்கள். 'ரேஜிங் கனால்' என்ற பழைய பாட்டின் சாயல் அதில் இருக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். கடற்பாட்டை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கேலி வரும். கால்வாய் ஆட்கள் பலர் திமிங்கில வேட்டைக் கப்பலுக்குப் போனதாக மெல்விலும் சொல்கிறாரே.

உண்மையான ஆபத்து கயிற்றில் இருந்தது. இழுபாதை ஒரு கரையில் மட்டும். எதிரெதிரே படகு வந்தால் ஒன்று மறுகரைப் பக்கம் ஒதுங்கும். அதை ஓட்டுகிற பையன் கழுதைகளைப் பாதையின் வெளி ஓரத்தில் நிறுத்துவான். இழுப்பு நின்றதும் கயிறு தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கும், பாதையிலும் தரையோடு கிடக்கும். எதிர்க் கழுதைகள் அதைத் தாண்ட வேண்டும், எதிர்ப் படகு அதன்மேல் மிதந்து கடக்க வேண்டும். பையன் அவசரப்பட்டு முன்னதாகவே ஓட்டிவிட்டால் கயிறு விறைத்து அந்தப் படகின் அடியிலோ சுக்கானிலோ மாட்டிக்கொள்ளும். படகின் எடை கழுதைகளைப் பின்னுக்கு இழுத்துக் கால்வாய்க்குள்ளேயே தள்ளிவிடும்.

லாக்கில் நுழையும்போதும் அப்படித்தான். படகுக்குப் பிரேக் கிடையாது. கரையில் நட்ட கட்டையில் கயிற்றைச் சுற்றித்தான் வேகத்தைக் கொல்ல வேண்டும். சுற்றுத் தவறினால் படகு கதவை இடிக்கும். கதவு உடைந்தால் போக்குவரத்தே நின்றுவிடும்.

ஹாதார்ன் கட்டுரையின் முடிவே கயிற்றில்தான் இருக்கிறது. விழுந்து கிடந்த கிளையில் இழுகயிறு சிக்கியதால் படகு சற்று நிற்கிறது. காட்டுக்குள் ஒளிரும் பட்டமரத்தைப் பார்க்க அவர் இறங்குகிறார், படகு அவரை விட்டுவிட்டுப் போகிறது. பயணியாக வந்தவர்தான், ஆனாலும் கண் சரியான இடத்தில் இருந்திருக்கிறது.

படித்துறை:
கயிறு பிடித்தாரா என்று நான் கேட்டது ஆலனின் பாட்டில் இருக்கும் பிழைக்காக. மெல்வில், ஹாதார்ன் இருவரிடமும் நான் மதிப்பது, கால்வாய் உயிரோடு ஓடியபோதே எழுதினார்கள் என்பதை. வெனிஸ் போலக் கெட்டுப்போன, சட்டத்துக்கு அடங்காத வாழ்க்கை என்று சொன்ன அதே பக்கத்தில், ஒரு கால்வாய்க்காரன் தனக்குச் செய்த உதவியையும் மெல்வில் நன்றியோடு சொல்கிறார். பணக்காரனைக் கொள்ளையடிக்கிற கை, வழிதெரியாமல் தவிக்கிற ஏழைக்கும் துணை நிற்கும் என்கிறார். 1913-ன் பாட்டில் இந்த இரண்டாவது முகம் எங்கே? எல்லோரும் நல்லவர்கள், கழுதை உட்பட.

மதகடி:
பாட்டு தொழிலைப் பாடுகிறது, ஆட்களின் குணத்தை இல்லை. சால் விஷயத்திலும் உங்கள் கணக்கு விரிவாக்கத்துக்குப் பிந்திய படகுக்குத்தான் பொருந்தும். 4 அடி ஆழக் கால்வாயின் 30 டன் படகை ஒற்றை மிருகம் மெதுவாக இழுக்க முடியும்.

படித்துறை:
அப்படியானால் பாட்டின் காலத்தை 1862-க்கு முன்னால் தள்ள வேண்டும். மரம், நிலக்கரி, வைக்கோல் என்று சரக்குப் பட்டியலே பாட்டில் இருக்கிறது. ஆரம்ப காலச் சிறு படகுகளில் நிலக்கரி எவ்வளவு போனது என்று சொல்லுங்கள், பிறகு சாலுக்கு இடம் தருகிறேன்.