பன்னாட்டு உணவு, வேளாண் வணிக மேலாண்மை: முதுநிலைப் படிப்பை எங்கே படிப்பது?

கேள்வி: தேனிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். இளநிலை வேளாண்மை இறுதியாண்டு படித்து வருகிறேன். எங்கள் குடும்பத்தினர் ஜி-9 (கிராண்ட் நைன்) ரகத் திசு வாழை பயிரிடுகிறார்கள். எங்கள் பகுதிக் காய் வெளிநாடு செல்வதைச் சிறுவயது முதல் பார்த்திருப்பதால், விளைவிப்பதைவிட விற்கும் பக்கத்தைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. இந்தப் படிப்பு பொதுவான எம்.பி.ஏ.விலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது? நெதர்லாந்தின் வாகெனிங்கன் போன்ற பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கடன் வாங்கிச் செல்வது தகுமா, அல்லது இந்தியாவிலேயே படிப்பது நல்லதா? துறையில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: துறைமுகவாசி

வணக்கம் தம்பி. காய்கனி ஏற்றுமதியில் வேலை செய்பவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பொது எம்.பி.ஏ. பாடத்தில் சரக்கு என்பது பெரும்பாலும் கிடங்கில் காத்திருக்கக்கூடிய பொருள். வாழைக்காய் காத்திருக்காது. முக்கால் பங்கு விளைந்த தாரை வெட்டி, சீப்புகளாக அறுத்து, பால் போகக் கழுவி, பெட்டியில் அடுக்கிக் குளிர்பதனக் கண்டெய்னரில் ஏற்றியபின், ஏறத்தாழ 13.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையைச் சேருமிடம் வரை காக்க வேண்டும். மிகவும் குறைந்தால் குளிரால் தோல் கறுக்கும், கூடினால் வழியிலேயே பழுக்கத் தொடங்கும். எனவே இத்துறையில் விலை, ஒப்பந்தம், போக்குவரத்து ஆகிய மூன்றையும் பயிரின் உயிரியலோடு சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்திலும் நுணுக்கம் உண்டு. சரக்கு விலையோடு காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் விற்றால் சேருமிடம் வரை இழப்பின் பொறுப்பு விற்பவருடையது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சரக்கு கப்பலில் ஏறியதும் அந்தப் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது, விற்பவர் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் மட்டுமே ஏற்கிறார்.

அடுத்தது எச்ச வரம்பு, அதாவது விளைபொருளில் மிஞ்சியிருக்கும் பூச்சிக்கொல்லிக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில், தனியாக வரம்பு வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பொது வரம்பு. 2003இல் இந்தியத் திராட்சையில் பூச்சிக்கொல்லி எச்சம் மிகுந்திருப்பதாக ஐரோப்பாவில் கண்டறியப்பட்ட பிறகுதான், வேளாண் ஏற்றுமதியை மேம்படுத்தும் மத்திய அரசு அமைப்பான அபெடா, தோட்டத்திலிருந்து கண்டெய்னர் வரை ஒவ்வொரு பெட்டியின் வரலாற்றையும் பின்தொடரும் கிரேப்நெட் முறையை 2006இல் கொண்டுவந்தது. மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே எத்தனை நாள் விட்டார்கள் என்ற விவசாயியின் குறிப்பேடு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வணிகத்தின் வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது. இந்தத் தொடர்பை ஆழமாகக் கற்பிக்கும் படிப்பு எந்த நாட்டில் இருந்தாலும் தகுதியானது என்பது என் கருத்து.

மறுமொழி 2: தாழ்நிலத்து மாணவி

நான் வாகெனிங்கனில் மேலாண்மை, பொருளியல், நுகர்வோர் ஆய்வு என்ற முதுநிலைப் பிரிவில் படித்தவள். இரண்டாண்டுப் படிப்பின் 120 மதிப்பலகுகளில் ஆய்வேட்டுக்கு 36, நிறுவனப் பயிற்சிக்கு 24 என்று ஒதுக்கியிருந்தார்கள். அதாவது பாதிப் படிப்பு வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது. பல நாட்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, உண்மையான ஒரு நிறுவனத்தின் சிக்கலுக்குத் தீர்வு தேடித் தரும் ஆலோசனைப் பயிற்சியும் உண்டு. எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான்.

உங்களுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. நெதர்லாந்தின் வேளாண் ஏற்றுமதியில் கணிசமான பங்கு, ராட்டர்டாம் துறைமுகம் வழியாக இறக்குமதியாகி மீண்டும் பிற நாடுகளுக்குச் செல்லும் பொருள்களே. தோட்டத்தின் பக்கத்தை மட்டுமே பார்த்த ஒருவர், வாங்குபவர் எதைப் பார்த்துப் பெட்டியை நிராகரிக்கிறார், எதற்குக் கூடுதல் விலை தருகிறார் என்பதை அங்கே நேரில் அறியலாம். படிப்பு முடிந்தபின் வேலை தேட ஓராண்டு தங்கும் அனுமதியும் கோரலாம். ஆனால் நுண்பொருளியலிலும் புள்ளியியலிலும் அடித்தளம் இல்லாமல் சென்றால் முதல் ஆண்டு மிகவும் கடினமாக இருக்கும். என்னுடன் படித்த வேளாண் பட்டதாரிகளுக்கு அதுவே பெரும் தடையாக இருந்தது.

மறுமொழி 3: வேளாண் ஆசிரியர்

இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் இளநிலை முடித்த கையோடு பெருங்கடன் வாங்கிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐதராபாத்தில் மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை) நிறுவனம் 1996 முதலும், அகமதாபாத் ஐ.ஐ.எம். 2000 முதலும் இத்துறையில் இரண்டாண்டுப் படிப்பை நடத்தி வருகின்றன. இரண்டுக்கும் மேலாண்மைப் படிப்புகளுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இந்திய ஏற்றுமதியாளரின் மிகப் பெரிய இடர் பல நேரங்களில் உள்நாட்டுக் கொள்கையிலிருந்தே வருகிறது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அது 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. அத்தகைய முடிவு எவ்வாறு உருவாகிறது, கொள்முதல், கையிருப்பு, உள்நாட்டு விலை ஆகியவற்றோடு அது எவ்வாறு பிணைந்திருக்கிறது என்பதை இங்கே படிப்பவர் உள்ளிருந்து கற்கிறார். முதலில் ஓரிரு ஆண்டுகள் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பாருங்கள். அதன்பின் வெளிநாடு சென்றால், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த மாணவராகச் செல்வீர்கள்.

தேனிக்காரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி முதலில் வேலைக்குச் சென்றுவிட்டு, அந்தக் காலத்தில் புள்ளியியலையும் கற்றுக்கொள்ள எண்ணுகிறேன். நிறுவனத்தில் எந்தப் பிரிவைக் கேட்டுச் சேருவது நல்லது?

துறைமுகவாசி

சிப்பம் கட்டும் கூடத்தில் தர ஆய்வுப் பிரிவைக் கேளுங்கள், தம்பி. தோட்டத்திலிருந்து வரும் மருந்துக் குறிப்பேடு, ஆய்வகத்தின் எச்ச அறிக்கை, தாவர நலச் சான்றிதழ், வாங்குபவரின் புகார் மின்னஞ்சல் ஆகிய எல்லாமே அந்த மேசைக்கு வரும். விற்பனைப் பிரிவுக்கு அதன்பின் மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து தரப் பிரிவுக்குத் திரும்பி வருபவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.