பிஸ்கட்டுக்குச் சரி, பூண்டு எண்ணெய்க்கு முடியாதா? வீட்டுச் சமையலறை அனுமதி பற்றி ஒரு கேள்வி

மாவுக்கை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 17. இரண்டு வருடமாக வீட்டு ஓவனில் பிஸ்கட் சுடுகிறேன். இதுவரை தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுத்து வந்தேன். இப்போது அவர்களுக்குத் தெரிந்தவர்கள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். விற்பதென்றால் முறையாக அனுமதி வாங்கிவிட்டுத்தான் என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

விண்ணப்பத்தில் 'தயாரிக்கும் உணவு' என்ற இடத்தில் மூன்றை எழுதினேன்: வெண்ணெய் பிஸ்கட், சீஸ்கேக், எண்ணெயில் ஊறவைத்த பூண்டு. பிஸ்கட்டுக்குச் சாதாரணப் பதிவு போதும், சீஸ்கேக்குக்கு ஆய்வு உண்டு, பூண்டை வீட்டில் செய்து விற்கவே முடியாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றதால் அவர்களால் விளக்க முடியவில்லை.

மூன்றையும் செய்வது ஒரே கைதான், ஒரே சமையலறைதான். சாப்பிட்டவர்கள் எல்லோரும் முதலில் பாராட்டுவது அந்தப் பூண்டைத்தான். அதை விட எனக்கு மனமே வரவில்லை. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 18 ஆகாததால் விண்ணப்பத்தை யார் பெயரில் போடுவது, ஆய்வுக்கு வருகிறவர் எதையெல்லாம் பார்ப்பார் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஆய்வாளர்:

மகளே, நான் உணவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உன் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் மறுக்கப்பட்டவர்கள் அந்த உணவை அனுமதி இல்லாமலே விற்கப் போய்விடுவார்கள். அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உன் கையைச் சந்தேகப்பட்டு யாரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு உணவுக்குள்ளும் கிருமி வளர இடம் இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அனுமதியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பிஸ்கட்டை எடுத்துக்கொள். சுட்டு முடித்த பிறகு கிருமி பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்கு அதில் ஈரம் மிஞ்சுவதில்லை. இந்த ஈரத்தை 'நீர்ச் செயல்பாடு' என்று 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0.85-க்குக் கீழே போய்விட்டால் நோய் தரும் பாக்டீரியா பெருகாது. நல்ல பிஸ்கட் அதற்கும் வெகு கீழே இருக்கும்.

சீஸ்கேக்கில் பால், முட்டை, ஈரம் மூன்றும் உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் வைத்தால் கிருமி பெருகும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அதனால் உன் வீட்டு ஃப்ரிட்ஜ் தொடங்கி வாங்குகிறவர் வீட்டு ஃப்ரிட்ஜ் வரை குளிர் விடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பூண்டு விஷயம் வேறு. அது மண்ணுக்குள் விளைவது. மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள், அதாவது தடித்த ஓட்டுக்குள் உறங்கும் அதன் வடிவம், இருக்கும். நூறு டிகிரியில் கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. காற்று பட்டுக்கொண்டே இருந்தால் அது வெறும் வித்தாகவே கிடக்கும். நீ எண்ணெயை ஊற்றி மூடியதும் காற்று போய்விடுகிறது. பூண்டுக்குள் ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை. பாட்டிலை அலமாரியில் வைத்தால், அந்தக் கிருமிக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். பிறகு அது நஞ்சை உண்டாக்கும். நாற்றம் வராமலே, நிறம் மாறாமலே, சுவையும் கெடாமலே இது நடக்கலாம். மிகச் சிறிய அளவு போதும், நரம்பு செயலிழந்து மூச்சு விடும் தசை நின்றுவிடும்.

ஆலைகளில் பூண்டை அமிலத்தில் ஊறவைத்து, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே எண்ணெயில் போடுவார்கள். 121 டிகிரி அழுத்த வெப்பம் கொடுத்து வித்தை அழிப்பது புளிப்பு இல்லாத டப்பா உணவுகளுக்கு உள்ள வழி. இரண்டில் எதையும் வீட்டு அடுப்பில் நிச்சயப்படுத்த முடியாது. உன் வீட்டுக்கு மட்டும் என்றால் கொஞ்சமாகச் செய்து, உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, நாலு நாளைக்குள் முடித்துவிடு. அலமாரியில் இப்போது பாட்டில் இருந்தால் தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதே.

ஓவன் அக்கா:

ஐயா சொன்னதற்கு மேல் பூண்டைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன் தங்கச்சி. வீட்டிலிருந்து கேக் செய்து விற்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது.

என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. 'கேக்' என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தேன். க்ரீம் வைத்ததா, வெறும் கேக்கா, வெளியில் வைப்பதா, குளிரில் வைப்பதா என்று அதிலிருந்து யாருக்கும் புரியாது. அடுத்த தடவை ஒவ்வொன்றுக்கும் பொருட்கள், செய்முறை, எங்கே வைப்பேன், எத்தனை நாள் என்று தனித்தனியாக எழுதினேன். உடனே நடந்தது.

ஆய்வுக்கு வந்தவர் ஓவன் பக்கம் போகவே இல்லை. "கை எங்கே கழுவுவீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். சிங்க்கைக் காட்டினேன். பக்கத்தில் ஈரத் துண்டு தொங்கியது. எல்லோரும் துடைக்கும் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, காகிதத் துண்டு வைக்கச் சொன்னார். அப்புறம் ஃப்ரிட்ஜ். கையோடு கொண்டுவந்த தெர்மோமீட்டரைக் கதவுத் தட்டில் வைத்தார், கொஞ்ச நேரம் கழித்து 9 காட்டியது. உள்ளே பின்பக்கத் தட்டில் 4. நான் பாலையும் க்ரீமையும் அதுவரை கதவில்தான் வைத்திருந்தேன்! அன்றைக்கே இடம் மாற்றினேன். நீயும் ஒரு தெர்மோமீட்டர் வாங்கிக்கொள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தக் கருவியை நம்பாதே.

ஒவ்வாமை விஷயத்தில் ரொம்பக் கவனமாக இரு. பாதாம் பிஸ்கட்டுக்கு மாவு சலித்த சல்லடையிலேயே வெண்ணெய் பிஸ்கட்டுக்கும் சலித்தால், அதிலும் பாதாம் இருக்கலாம். தட்டித் தூசி போக்கினால் போதாது, சோப்பு போட்டுக் கழுவு. லேபிளில் கோதுமை, பால், முட்டை, பாதாம் போன்ற பருப்பு வகை எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும். பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசையாக எழுது. செய்த தேதி, எப்போது வரை நல்லது, உன் முகவரி, தொகுதி எண். தொகுதி எண் எதற்கென்றால், ஒரு நாள் மாவில் குறை இருந்தது தெரிந்தால் அன்றைக்குச் செய்ததை மட்டும் திரும்பப் பெறலாம்.

இன்னொன்று, வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் நின்ற பிறகும் 48 மணி நேரம் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. ஆர்டர் எவ்வளவு இருந்தாலும் சரி.

பெயர் விஷயம்: 18 ஆகாதவர் கையெழுத்து பெரும்பாலும் சட்டப்படி செல்லாது. அம்மா பெயரில் போடுங்கள். ஆனால் உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கு நீ போய் உன் பெயரில் சான்றிதழ் வாங்கிக்கொள், சமைப்பது நீதானே. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் பரிசோதனை அறிக்கை கேட்கக்கூடும்.

மாவுக்கை:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. அலமாரியில் மூன்று பாட்டில் இருந்தது. போன வாரம் கொடுத்த இரண்டு வீட்டுக்கும் போன் செய்து, சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் இன்னும் திறக்கவே இல்லையாம், அதைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.

ஒரே ஒரு சந்தேகம். எண்ணெயில் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் புளிப்பு வந்துவிடாதா? பிஎச் பார்க்கும் காகிதம் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது.

பழைய ஆய்வாளர்:

உடனே போன் செய்தாயே, அது பெரிய காரியம் மகளே. சாப்பிட்டவர் யாருக்காவது பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்.

எலுமிச்சை உதவாது. சாறு எண்ணெயோடு கலக்காமல் அடியில் தங்கும். பூண்டுப் பல்லின் நடுப்பகுதி வரை புளிப்பு ஏற வேண்டும், அது ஏறியதா என்று அரைத்துக் கருவியில் அளக்க வேண்டும். எண்ணெயில் நனைந்த காகிதம் எதையும் சரியாகக் காட்டாது.

பிஸ்கட்டுக்கு மட்டும் முதலில் தனியாக விண்ணப்பம் போடு. சீஸ்கேக்கை அதோடு சேர்த்தால் அதன் ஆய்வு முடியும்வரை பிஸ்கட்டும் நிற்கும்.

மாவுக்கை:

சரி ஐயா, அப்படியே செய்கிறேன். அக்கா சொன்னபடி ஐஸில் வைத்துப் பார்த்தேன், 0 காட்டியது. ஃப்ரிட்ஜ் உள்தட்டில் 8. திருகைக் கூட்டி வைத்திருக்கிறேன், காலையில் மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.