லூப்பரில் அடுக்கு ஏற ஏற இரைச்சல், அவசரம்

மழைக்கம்பி:
வணக்கம். தனியாகக் கிடார் வைத்து மெதுவான, சோகமான ஆம்பியன்ட் (சூழலாகப் பரவும் இசை) வாசிக்கிறேன். ஒரு ஸ்வரத்தை வால்யூம் பெடலில் மெல்ல எழுப்பி, டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) பெடல்கள் வழியாக, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பரில் அடுக்குகிறேன். மூன்று அடுக்கு வரை அழகாக இருக்கிறது. ஐந்தாறு தாண்டினால் பின்னால் ஓர் இரைச்சல், எல்லாம் கெட்டுவிடுகிறது. ஞாயிறுக்குள் பதிவு செய்து கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

கோவை வயர்மேன்:
என்ன இரைச்சல்? 'உம்ம்' என்றா, 'ஸ்ஸ்' என்றா, 'கீ' என்றா? கிடார் என்ன, கரன்ட் எங்கிருந்து வருகிறது? ஒன்றுமே சொல்லவில்லையே நண்பா.

ஏழாம்கம்பி:
சந்தேகமே இல்லை, சிங்கிள் காயில் பிக்கப்தான் (கம்பியின் அதிர்வை வாங்கும் ஒற்றைச் சுருள்). வீட்டுக் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸை ஆன்டெனா மாதிரி இழுக்கும். கிடாரோடு நாற்காலியில் மெல்லச் சுற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு திசையில் குறையும். ஃபேனுக்குத் திருகுகிற ரெகுலேட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வில்லன்.

மழைக்கம்பி:
என்னுடையது ஹம்பக்கர் அண்ணா, உறுமலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப். ஃபேனை நிறுத்தியும் பார்த்தாச்சு, வியர்த்ததுதான் மிச்சம். 'கீ' என்று மெலிதாக, காதோரம் கொசு மாதிரி.

டேப் தாத்தா:
தம்பி, இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. தேடிப் படிக்கும் பழக்கம் போய்விட்டது. ஒரே அளவு 'ஸ்ஸ்' உள்ள எட்டு அடுக்கு சேர்ந்தால் ஏறத்தாழ 9 டெசிபெல் ஏறும், இது கணக்கு. கிங் கிரிம்சன் குழுவின் கிடாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப் இரண்டு ரெவாக்ஸ் டேப் மெஷினை வைத்துச் செய்ததை நீங்கள் பெடல் வாங்கிக் குவித்துச் செய்கிறீர்கள். இரண்டு பெடலைக் கழற்றிவிட்டு வாசியுங்கள், பிறகு பேசலாம்.

ரீல் ரசிகன்:
ஒன்றில் பதிந்ததை இன்னொன்றில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதியும் அந்த இரண்டு மெஷின் வித்தையை ஃப்ரிப்புக்குக் காட்டியதே இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. அதற்கும் முன்னால் 1963-லேயே பாரிஸில் இசையமைப்பாளர் டெர்ரி ரைலி செய்துவிட்டார்.

டேப் தாத்தா:
யார் முதலில் என்று நான் எங்கே சொன்னேன்? கிடாரில் அதைத் தனக்கென்று ஒரு பாணியாக்கியவர் ஃப்ரிப்.

ரீல் ரசிகன்:
சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் டேப்பில் ஒவ்வொரு சுற்றிலும் பழைய அடுக்கு மங்கிக்கொண்டே போகும், அந்த மங்கலில்தான் பாதிச் சோகம். டிஜிட்டல் லூப்பரில் எதுவும் மங்காது, குப்பையும் சேர்ந்தே குவியும். அதை விட்டுவிட்டு 'பெடலைக் கழற்று' என்றால் எப்படி?

டேப் தாத்தா:
நான் டேப் ஒட்டி வெட்டிய காலத்தில் நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

கோவை வயர்மேன்:
சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா. மழைக்கம்பி, வால்யூம் பெடலைக் குதிகால் பக்கம் அழுத்தி முழுக்க மூடுங்கள். 'கீ' நின்றால் கோளாறு கிடாரில் அல்லது கேபிளில். நிற்கவில்லை என்றால் அதற்குப் பின்னால். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரில் சங்கிலி போட்டுத்தானே கரன்ட் கொடுக்கிறீர்கள்? டிலே, ரிவெர்ப், லூப்பர் மூன்றும் டிஜிட்டல் என்றால், ஒன்றின் உள்ளே ஓடும் கிளாக்கின் (சிப்பை இயக்கும் மின்துடிப்பு) சத்தம் பொது கிரவுண்ட் வழியாக இன்னொன்றில் ஏறிவிடும். ரிவெர்புக்கு மட்டும் தனி அடாப்டர் மாட்டிப் பாருங்கள். வோல்ட், மில்லியாம்ப், பிளஸ் உள்ளேயா வெளியேயா, மூன்றையும் பார்த்த பிறகே மாட்டவும். அவசரத்தில் மாட்டி ஒரு டிலேயை நான் எரித்திருக்கிறேன்.

ஏழாம்கம்பி:
எனக்கு இன்னும் ரெகுலேட்டர் மேல்தான் சந்தேகம்.

மழைக்கம்பி:
அடாப்டர்தான். பெடலை மூடினாலும் 'கீ' நிற்கவில்லை, ரிவெர்பைத் தனியாக மாட்டியதும் போய்விட்டது. நேற்று ராத்திரி எட்டு அடுக்கு போட்டேன். இப்போது விரல் கம்பியில் உரசுவது கேட்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். நன்றி வயர்மேன் அண்ணா.

டேப் தாத்தா:
அடுத்த முறை அடாப்டர் விவரத்தை முதல் பதிவிலேயே போடவும்.