பர்மிட் முடியப் போற டாரஸ்: அடுத்து பழைய பிஎஸ்-4 எடுக்கறதா, புது பிஎஸ்-6 எடுக்கறதா?

சங்ககிரி பையன் (2026 ஜனவரி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அப்பா ஓட்டற டாரஸ் லாரி 2011 மாடல். மல்டி ஆக்சில் வண்டிக்கு நேஷனல் பெர்மிட் 15 வருஷம் வரைக்கும்தான் குடுப்பாங்க. எங்களுக்கு இந்த ஆகஸ்டோட முடியுது. அதுக்குள்ள அடுத்த வண்டி பாக்கோணும்.

இப்ப ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்கேன். (பிஎஸ்னா வண்டிப் புகைக்கு அரசு வெச்ச அளவு, நம்பர் கூடக் கூட கட்டுப்பாடு அதிகம்.) ஒண்ணு 2019 பிஎஸ்-4, பன்னெண்டு வீல், ரெண்டாவது ஓனர், திருச்செங்கோட்டுல நிக்குது. 17 லட்சம் சொல்றாங்க. இன்னொண்ணு புது பிஎஸ்-6 பன்னெண்டு வீல். ஜி.எஸ்.டி. குறைஞ்சதையும் சேத்து, பாடி கட்டி ரோட்டுல எறக்க 45 லட்சம்னு ஷோரூம்ல கணக்குப் போட்டுக் குடுத்தாங்க. கையில 12 லட்சம் இருக்குது, மிச்சம் ஃபைனான்ஸ்தான்.

"இப்ப விட்டா இந்த விலைக்கு வராது"ன்னு ஷோரூம்ல அவசரப்படுத்தறாங்க. பிஎஸ்-6ல புகையைச் சுத்தம் பண்ண யூரியா கரைசல் ஊத்தோணும், அப்பா "யூரியா வண்டி நமக்கு வேண்டாம்"னு ஒரே புடியா நிக்கறார். எங்க லைன் சேலத்துல ஜவ்வரிசி ஏத்திட்டு மகாராஷ்டிரா, குஜராத். வரும்போது நாசிக் வெங்காயம், இல்லாட்டி மோர்பி டைல்ஸ். லோடு இல்லாத மாசத்துல லோக்கல் சிமெண்ட் அடிப்போம்.

கூடவே இன்னொரு கேள்வி. மச்சான் குடும்பத்துக்கு ஒரு கார் பாக்கறார். புதுசா, செகண்ட் ஹேண்டான்னு அவருக்கும் குழப்பம். மார்க்கெட் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பதினாலு வீல், திருச்செங்கோடு

தம்பி, அவசரப்படாதீங்க. ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்குது.

முதல்ல ஜி.எஸ்.டி. கணக்கைப் பாத்துக்கலாம். 2025 செப்டம்பர் 22ல இருந்து லாரிக்கு 28 சதவீதம் போயி 18 ஆச்சு. வரிக்கு முந்தி சேஸிஸ் விலை 32 லட்சம்னு வெச்சுக்குங்க. முன்ன வரி 8.96 லட்சம், இப்ப 5.76 லட்சம். 3.20 லட்சம் மிச்சம். இதுல நம்மள மாதிரி ஒத்தை வண்டி ஓனருக்கு ஒரு நல்ல விஷயம் இருக்குது, யாரும் அதைச் சொல்றதில்லை. ஜி.எஸ்.டி. நம்பர் வாங்கி, வாடகையில வரி போட்டு பில் அடிக்கற பெரிய டிரான்ஸ்போர்ட்காரர் வண்டிக்குக் கட்டின வரியை அன்னைக்கே கிரெடிட்ல எடுத்துக்கிட்டார், அதாவது தான் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிட்டார். 28 ஆனாலும் 18 ஆனாலும் அவருக்கு அசல் விலை ஒண்ணுதான். நாம புக்கிங் ஆபீசுக்கு வண்டிய வாடகைக்கு விடறவங்க. அந்த வாடகைக்கு வரி இல்லை, அதனால கிரெடிட்டும் கிடையாது. கட்டின வரி மொத்தமும் நம்ம தலையிலதான் நின்னுச்சு. அதனால இந்த 3.20 லட்சம் நெசமாவே நமக்குக் கிடைச்சது. டயருக்கும் 28ல இருந்து 18 ஆயிருக்குது. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ், 20 டன்னுக்கு மேல 40 டன் வரைக்கும் 2022 ஜூன்ல வெச்ச ரேட்டு 43,950 ரூபா. அதுக்கு மேல போடற ஜி.எஸ்.டி.யையும் 12ல இருந்து 5 ஆக்கிட்டாங்க. வருஷத்துக்கு மூவாயிரம் மிச்சம்.

ஆனா அந்த 3.20 லட்சத்தை டியூ கணக்குல பாருங்க. 10 சதவீத வட்டி, அஞ்சு வருஷம்னா மாசத்துக்கு 6,800 ரூபாதான் குறையுது. மோர்பியில ரிட்டர்ன் லோடு கிடைக்காம வண்டி நாலு நாள் நின்னா அந்த 6,800 அங்கயே போச்சு. நீங்க 33 லட்சம் கடன் வாங்கினா மாசம் டியூ 70,000 வருது. லோடு வந்தாலும் வராட்டியும் தேதிக்குக் கட்டியாகோணும். வண்டி விலை குறைஞ்சுதே தவிர வாடகை ஏறலை. நான் திரும்பத் திரும்ப இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

வாடகை ஏன் ஏறலைன்னு உங்க அப்பாவுக்குத் தெரியும், உங்களுக்காகச் சொல்றேன். 2018 ஜூலையில மத்திய அரசு ஆக்சில் லோடை ஏத்துச்சு. 25 டன் பாஸிங் (வண்டியும் லோடும் சேந்த மொத்த எடை) இருந்த பத்து வீல் 28.5 டன் ஆச்சு. ரோட்டுல ஒரு வண்டி கூடுதலா எறங்காமயே நாடு பூரா ஏத்தற சக்தி கூடிப்போச்சு. சரக்கு அந்த அளவுக்குக் கூடலை. அடுத்த வருஷமே சங்ககிரி பைபாஸ்ல வரிசையா வண்டி நின்னதைப் பாத்திருப்பீங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்து வண்டி விலை ஏறுச்சு. டீசல் 92 ரூபாயை ஒட்டியே நிக்குது, 2024 மார்ச்ல ரெண்டு ரூபா குறைச்சதோட சரி. போன ஆகஸ்ட்ல ஃபாஸ்டேக் வருஷ பாஸ்னு 3,000 ரூபாய்க்கு 200 டிரிப் குடுத்தாங்க, அதுவும் சொந்தக் காருக்குத்தான். டோல்ல அதிகமாக் கட்டறது நாம, சலுகை வேற ஆளுக்கு. எனக்கு இது ரொம்ப மனசு வலிக்குது.

இப்ப உங்க பிஎஸ்-4. மகாராஷ்டிரா, குஜராத் லைனுக்கு அது தாராளமாப் போகும். ஆனா டெல்லிக்கு வெளி மாநில பிஎஸ்-4 சரக்கு வண்டியை இந்த வருஷம் அக்டோபர் 31 வரைக்கும்தான் விடுவாங்க. பிஎஸ்-3ஐ போன நவம்பர்லயே நிறுத்தியாச்சு. நீங்க டெல்லி போகாட்டியும் இது உங்களைத் தொடும். வடக்கு லைன்காரங்க பிஎஸ்-4ஐ ஒதுக்க ஆரம்பிச்சுட்டாங்க, மூணு வருஷம் கழிச்சு நீங்க விக்கப் போறப்ப கேக்கற ஆள் பாதியாயிருக்கும். போதாததுக்கு எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) கட்டணத்தையும் நவம்பர்ல ஏத்தி, 10 வருஷம் தாண்டின வண்டிக்கே கூடுதல்னு கொண்டு வந்துட்டாங்க. 20 வருஷம் தாண்டின கனரக வண்டிக்கு 25,000 ரூபா. 2019 வண்டி 2029ல அந்தக் கணக்குல வந்துரும். 17 லட்சம் அதுக்கு அதிகம்.

என் யோசனை, ரெண்டும் வேண்டாம். 2021, 2022 மாடல் பிஎஸ்-6 பன்னெண்டு வீல், ஒரே ஓனர் வண்டியாத் தேடுங்க. புது வண்டி விலை குறைஞ்சதும் அந்த வருஷத்து வண்டிக எல்லாம் விலை எறங்கி நிக்குது. பெரிய ஆபீஸ்காரங்க அஞ்சு வருஷ டியூ முடிஞ்சதும் வண்டியை மாத்துவாங்க, இது அதுக்கான சமயம். 2021 வண்டிக்கு நேஷனல் பெர்மிட் 2036 வரைக்கும் ஓடும். எட்டு வருஷம் முடியற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி. காட்டினாப் போதும்.

எந்த வண்டியா இருந்தாலும் கையில இருக்கற 12 லட்சத்தையும் முன்பணமாக் குடுத்துராதீங்க. 5 லட்சத்தைத் தனியா எடுத்து வைங்க. டயர், இன்சூரன்ஸ், மொத ரெண்டு மாச டியூ எல்லாம் அதுல இருந்துதான் போகோணும்.

---

பம்ப் மெக்கானிக், நாமக்கல்

அண்ணன் சொன்னது சரிங்க. யூரியா பயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன்.

அப்பா பயப்படறதுல காரணம் இருக்குது. பிஎஸ்-4லயே சில கம்பெனிங்க யூரியா வெச்சாங்க, அசோக் லேலண்ட் ஐ.இ.ஜி.ஆர்.னு யூரியா இல்லாமயே ஓட்டுச்சு. நம்ம பக்கம் லேலண்ட் அதிகம், அதனால பழகலை. பிஎஸ்-6 பெரிய வண்டியில அதைத் தவிர்க்க முடியாது. நூறு லிட்டர் டீசலுக்கு அஞ்சு லிட்டர் யூரியா கரைசல் செலவுன்னு தோராயமா வெச்சுக்குங்க. டேங்க் காலியானா வண்டி இழுவையைத் தானாவே குறைச்சுக்கும், மேடு ஏறாது.

வண்டி கெடறது கரைசலால இல்லீங்க, கள்ளக் கரைசலால. சரியானதுல 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது உப்பு எடுத்த தண்ணி. ஹைவேயில லேபிள் இல்லாத கேன்ல விக்கறாங்களே, அதுல பல எடத்துல வயக்காட்டு யூரியாவை போர் தண்ணியில கரைச்சு வெச்சிருப்பாங்க. வயலுக்குப் போடற யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசினது. அந்த எண்ணெயும் போர் தண்ணி உப்பும் உள்ள போயி இன்ஜெக்டரை அடைச்சு, கேட்டலிஸ்ட்டைத் தின்னுரும். அதை மாத்தற செலவுல ஒரு செட் டயர் போட்டுரலாம்.

பழைய பிஎஸ்-6 பாக்கப் போனா மொதல்ல சைலன்சர் வாய்க்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க. டி.பி.எஃப்., அதாவது புகைக் கரியைப் பிடிக்கற ஃபில்டர், நல்லா இருந்தா லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டியா இருந்தாலும் விரல்ல கரி ஒட்டாது, சாம்பல் கலர்ல வெறும் தூசிதான் வரும். கரேல்னு மை மாதிரி வந்துச்சுன்னா உள்ள இருக்கற ஃபில்டரை உடைச்சுக் காலி பண்ணிட்டு சாஃப்ட்வேரை ஏமாத்தி ஓட்டியிருக்காங்க. அந்த வண்டியைத் தொடாதீங்க. அப்புறம் யூரியா டேங்க் மூடியைத் திறந்து கழுத்தைப் பாருங்க, இன்ஜெக்டர் உக்கார்ற எடத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. கொஞ்சம் வெள்ளையாப் பூத்திருந்தா பரவால்ல, கல்லு மாதிரிக் கட்டியிருந்தா ஆகாது.

சேஸிஸை வாட்டர் சர்வீஸ் பண்ணச் சொல்லிட்டு, பின்னாடி ஸ்பிரிங் பட்டா உக்கார்ற பிராக்கெட் பக்கம் பாருங்க. முடி மாதிரி விரிசல், அதுக்கு மேல புது வெல்டிங், புது பெயிண்ட் இருந்தா ஓவர்லோடு அடிச்ச வண்டி.

லோக்கல் சிமெண்ட்னு சொன்னீங்களே, அதுல ஒரு எச்சரிக்கை. பிஎஸ்-6 வண்டி நீள ஓட்டத்துல சூடேறினாத்தான் ஃபில்டர்ல சேந்த கரியை எரிக்கும். ஆலை, குடோன், ஆலைன்னு சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் மாசக்கணக்குல அடிச்சா கரி எரியாம டேஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு வந்ததும் வண்டியை ஓரமா நிறுத்தி, பட்டனைப் போட்டு எரிய விடுங்க. அதைப் பாக்காத மாதிரி ஓட்டற டிரைவர்தான் செலவு வெக்கறது.

---

பழைய கார் கடை, ஈரோடு

கார் கேள்விக்கு நான் சொல்றேனுங்க. மச்சான் பட்ஜெட் 10 லட்சத்தைச் சுத்தின்னா புதுசே எடுக்கச் சொல்லுங்க. நான் பழைய கார் விக்கறவன், ஆனாலும் இதைத்தான் சொல்லுவேன்.

நாலு மீட்டருக்குள்ள, 1200 சி.சி.க்குள்ள பெட்ரோல் காருக்கு வரி 29ல இருந்து 18 ஆச்சு. தமிழ்நாட்டுல அதோட இன்னொரு லாபம் சேருது. 2023 நவம்பர்ல இருந்து நம்ம லைஃப் டேக்ஸ் 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 10 லட்சம் வரைக்கும் 13, அதுக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18. முன்ன 10.50 லட்சம் வித்த கார் இப்ப 9.60 லட்சம் ஆகுது. அதோட 18ல இருந்த லைஃப் டேக்ஸ் 13க்கு எறங்குது. 1.89 லட்சம் கட்ட வேண்டிய எடத்துல 1.25 லட்சம். ரெண்டும் சேந்து ஒன்றரை லட்சம் மிச்சம். அதே காரோட மூணு வருஷ மாடலை 8.50க்குக் குறைய மாட்டேங்கறாங்க விக்கறவங்க. அவங்க பழைய விலையையே நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

5 லட்சத்துக்குள்ள மட்டும்தான் பட்ஜெட்னா இப்பவும் செகண்ட் ஹேண்டே நல்லது. ஆல்டோ கே10 ஷோரூம் விலை 3.70 லட்சத்துல ஆரம்பிக்குது, உண்மை. ஆனா அஞ்சு பேர் ஏறி மலைக்குப் போற குடும்பத்துக்கு அதே காசுல நல்லாப் பராமரிச்ச பெரிய கார் கெடைக்கும். கடையில எடுத்தா எங்க லாபத்துக்கு மட்டும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ரெண்டு தனி ஆளுக நேரடியாக் கைமாத்தினா அதுவும் இல்லை.

---

சங்ககிரி பையன்

ரொம்ப நன்றிங்க அண்ணா, எல்லாருக்கும். அப்பாவை உக்கார வெச்சு முழுசும் படிச்சுக் காட்டினேன். வயக்காட்டு யூரியா கதையைக் கேட்டதும்தான் "அப்ப நல்ல கேனா வாங்கி ஊத்தினா ஓடுமா"ன்னு கேட்டார். மச்சான் புதுசுக்குப் போறார்.

பெருந்துறையில 2021 பிஎஸ்-6 ஒண்ணு இருக்குதாம், ஒரே ஓனர், டியூ முடிஞ்சது, 25 லட்சம் கேக்கறாங்க. பேப்பர்ல என்ன பாக்கோணும்? அப்புறம் டாரஸை இப்பவே குடுத்துரலாமா?

---

பதினாலு வீல், திருச்செங்கோடு

25 சொன்னா 22ல நில்லுங்க. அதே மாடல் புதுசு இப்ப என்ன விலைன்னு கொட்டேஷனைக் கையில எடுத்துட்டுப் போங்க, பேச்சு தானா எறங்கும்.

பேப்பர்ல, டியூ முடிஞ்சதுன்னு வாயில சொன்னாப் பத்தாது. கடன் பாக்கி இல்லைன்னு ஃபைனான்ஸ்காரர் குடுத்த என்.ஓ.சி.யைப் பாருங்க, ஆர்.சி.யில ஹெச்.பி. (ஃபைனான்ஸ் கடன் பதிவு) கேன்சல் ஆயிருக்கான்னு பாருங்க. வண்டி நம்பரைப் போட்டு பரிவாஹன் வெப்சைட்ல இ-சலான் அபராத பாக்கி எவ்வளவுன்னு பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. குஜராத், மகாராஷ்டிரா கேஸு அதுல தேங்கி நிக்கும், பேர் மாத்தறப்ப உங்க தலையில விழுந்துரும். இன்சூரன்ஸ் எந்த மாசம் முடியுது, பெர்மிட் ஃபீஸ் 16,500 இந்த வருஷத்துக்குக் கட்டியாச்சா, எஃப்.சி. எப்பன்னு மூணையும் எழுதி வாங்கி, அதை வெலையில கழிங்க. மெக்கானிக் தம்பி நாமக்கல்லதான் இருக்கார், டிரிப் காசு குடுத்துக் கூட்டிட்டுப் போங்க.

டாரஸை இப்ப விக்காதீங்க. ஆகஸ்ட்ல போறது நேஷனல் பெர்மிட்தான், எஃப்.சி. இருக்கற வரைக்கும் தமிழ்நாட்டுக்குள்ள ஓட்டலாம். அந்த லோக்கல் சிமெண்டை அதுக்கு விட்டுருங்க. பிஎஸ்-6ஐ நீள லைனுக்கு மட்டும் வைங்க, ஃபில்டரும் பிழைக்கும். அப்பாவுக்கு வயசாகுது, ராத்திரி நாசிக் ஓட்டம் அவருக்கு வேண்டாம், பகல்ல சங்ககிரி சுத்துவட்டாரத்துல ஓட்டட்டும். புது வண்டிக்கு டிரைவர் போடறப்ப பேட்டாவை மொதல்லயே பேசி முடிச்சுருங்க. போன வருஷம் ரூல் வந்ததுக்கு அப்புறம் வர்ற புது லாரி எல்லாம் ஏ.சி. கேபின், நல்ல டிரைவருங்க இப்ப அதைக் கேக்கறாங்க. 2021 வண்டியில அது இருக்காது, அதனால சம்பளத்துல கொஞ்சம் கூடக் குடுக்க வேண்டி வரும். அதையும் கணக்குல சேத்துக்குங்க.