மறுமொழி: ‘தடை வான்’ வேண்டாம், ‘நிபந்தனை வான்’ என்று வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

விமான வரைபடத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று வரும் வான்பரப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நீங்கள் எழுதும் மடல்களை மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், வயல் வேலை முடியாமல் உட்கார்ந்து பதில் எழுத நேரம் வரவில்லை. கல்முனை அக்கா ‘அனுமதி வான்’ என்கிறா, அக்கரைப்பற்று நானா ‘வரம்பு வான்’ என்கிறார், இன்னும் இரண்டு பேர் ‘தடைசெய்யப்பட்ட வான்பரப்பு’ என்று பழையபடியே இருக்கட்டும் என்கிறார்கள். அந்தப் பழையதைத்தான் முதலில் நீக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன கிழமை மருமகன் வீட்டுக்கு வந்திருந்தான். கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. நான் எழுதிக்கொண்டிருக்கும் தமிழ் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் நெவாடாவில் பீட்டி என்ற சின்ன விமான நிலையத்திலிருந்து செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றில் கிழக்கே யூக்கா என்ற வறண்ட ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். வரைபடத்தில் நீலக் கோடு வருகிறது, அதன் உட்பக்கம் முழுக்கச் சிறு சிறு கீறல்கள். வழிகாட்டியில் அந்தக் கோட்டுக்கு நான் எழுதியிருந்த பெயர் ‘தடை வான்பரப்பு’. பையன் அந்த இடத்தில் இடப்பக்கம் திருப்பி, கோட்டுக்கு வெளியே வட்டம் போடத் தொடங்கிவிட்டான். “தடை எண்டு நீங்கதானே மாமா எழுதியிருக்கீங்க, மறுகா ஏன் உள்ள போகச் சொல்றீங்க?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பிழை அவனில் இல்லை, நான் போட்ட சொல்லில்.

உலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பறப்பு விதிகளைச் சொல்லும் இரண்டாம் இணைப்பு மூன்று வகை வான்பரப்பைப் பிரித்துச் சொல்கிறது. பறக்கவே கூடாத பரப்பு ஒன்று, குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி மட்டும் பறக்கக்கூடிய பரப்பு ஒன்று, குறிப்பிட்ட நேரங்களில் பறப்புக்கு ஆபத்தான வேலைகள் நடக்கக்கூடிய பரப்பு ஒன்று. வரைபடத்தில் முறையே பி, ஆர், டி என்று எழுத்து வரும். வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்கு மேலே இருக்கும் பி-56 முதல் வகை. மருமகன் போய் நின்ற கோடு ஆர்-4808, இரண்டாம் வகை. இரண்டுக்கும் ‘தடை’ என்றே எழுதினால் முதல் வகைக்கு எந்தச் சொல்லை வைப்பது? ‘முற்றாகத் தடை’, ‘பகுதித் தடை’ என்று ஒட்டுப்போட வேண்டி வரும், வானொலியில் அவசரத்துக்குச் சொல்ல அது உதவாது.

‘கட்டுப்பாடு’ என்ற சொல்லும் ஏற்கெனவே போய்விட்டது. தரையிலிருந்து கட்டுப்பாட்டாளர்கள் விமானங்களை வழிநடத்தும் வான்பரப்பைக் ‘கட்டுப்பாட்டு வான்’ என்றுதான் நாமெல்லாம் எழுதுகிறோம். ‘மட்டுப்படுத்தப்பட்ட’ என்பது இலங்கையில் கம்பனிப் பெயர்ப்பலகை முழுக்கக் கிடக்கிறது, ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் கோட்டைத் தாண்டிவிடும்.

அக்காவின் ‘அனுமதி வான்’ எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு நாள் முழுக்க அதையே எழுதிப் பார்த்தேன். சிக்கல் என்னவென்றால், கட்டுப்பாட்டு வானுக்குள் போகவும் பல இடங்களில் அனுமதி வேண்டும். அதோடு, சில ஆர் பரப்புகள் சில மணிநேரம் மட்டும், சில உயரத்துக்குள் மட்டும் நடப்பில் இருக்கும், மற்ற நேரத்தில் அது சாதாரண வான்தான். ஆர்-4808இன் வடக்குப் பகுதி அப்படியில்லை, தரையிலிருந்து மேலே எல்லையே இல்லாமல், இருபத்துநான்கு மணிநேரமும் நடப்பில் இருப்பது. ஆக நேரம், உயரம், யாருடைய அனுமதி என்ற மூன்றும் பரப்புக்குப் பரப்பு மாறும். அனுமதி அந்த மூன்றில் ஒன்று.

நானாவின் ‘வரம்பு’ நல்ல தமிழ், அதில் சந்தேகமில்லை. ஆனால் நானா, நீங்களும் வயல்காரர். வரம்பு எங்கே ஒரு வயல் முடிந்து மற்றது தொடங்குகிறது என்று காட்டும், அதற்கு மேல் நடந்து போகலாமா என்பதை அது சொல்லாது, நாம் எல்லாரும் வரம்பில்தான் நடக்கிறோம். பி, ஆர், டி மூன்றுக்குமே வரம்பு உண்டு.

எனக்கு ‘நிபந்தனை’ என்ற சொல் வந்ததும் வயலில் நின்றுதான். போகம் தொடங்கமுன் ஆரம்பக் கூட்டம் வைத்து, எந்தத் திகதிக்குள் மாடுகளை வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, வெளியே எடுக்கவேண்டும், எப்போது தண்ணீர் திறப்பது என்று முடிவெடுக்கிறோம் அல்லவா? அந்தத் திகதிக்குப் பிறகு மாடு உள்ளே வந்தால் குற்றம். அறுவடை முடிந்ததும் அதே வயலில் அதே மாடு மேயும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். வயலும் மாறவில்லை, மாடும் மாறவில்லை, நிபந்தனைதான் வந்து போகிறது. ஆர் பரப்பு வேலை செய்வது கிட்டத்தட்ட இப்படித்தான். இரண்டாம் இணைப்பின் வரைவிலக்கணத்திலும் ‘குறிப்பிட்ட நிபந்தனைகள்’ என்பதே உயிர். வடசொல் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். வங்கிக் கடனுக்குப் போகும் எங்கள் ஊர் ஆச்சிக்கும் விளங்கும் சொல் அது, எனக்கு அது போதும்.

ஆகவே: தடை வான், நிபந்தனை வான், அபாய வான். மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கின்றன, வரைபடத்தில் த, நி, அ என்று சுருக்கியும் போடலாம்.

வெளியே கண்ணால் பார்த்து வழி பிடித்து ஓட்டுவதை ‘காட்சிப் பறப்பு’ என்று சிலர் எழுதுவதையும் மாற்றவேண்டும். காட்சி என்றால் விமானக் கண்காட்சி என்றுதான் மனம் போகிறது. ‘கண்வழிப் பறப்பு’, அதற்கு எதிரே ‘கருவிவழிப் பறப்பு’ என்று வைப்போம். மட்டக்களப்பில் முகத்துவாரம் வெளிச்சவீட்டையும் கல்லடிப் பாலத்தையும் பார்த்து, வாவியின் வளைவைப் பிடித்துக்கொண்டு புதுநகர் ஓடுபாதைக்கு இறங்குவது கண்வழி. பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 5 கிலோமீற்றர் தெரிதூரம் வேண்டும், முகிலிலிருந்து பக்கவாட்டில் 1500 மீற்றரும் மேலும் கீழும் 1000 அடியும் தள்ளி நிற்கவேண்டும். சிமுலேட்டரில் அந்த நேரத்து உண்மையான காலநிலையைப் போட்டுவிட்டு மாரியில் பறந்து பாருங்கள், பல நாள் வெளிக்கிடவே முடியாது.

யூக்காவுக்குப் போகும்போது இந்தக் கண்வழியின் அருமை தெரியும். வெளிச்சவீடும் இல்லை, வாவியும் இல்லை, வெறும் பாலைவனம். 1951இலிருந்து 1992 வரை அந்த நிலத்தில், அதாவது நெவாடா சோதனைத் தளத்தில், 928 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன, பெரும்பாலானவை நிலத்துக்குக் கீழே. கீழே குடைந்த வெளி இடிந்து மண் உள்வாங்கியதால் யூக்கா சமவெளி முழுக்கக் குழி. மேலிருந்து பார்த்தால் வற்றிய குளத்தில் மாட்டுக் குளம்படி கிடப்பது போலத் தெரியும். வடக்கு முனையில் செடான் குழி, 1962 யூலை 6இல் வந்தது, ஏறத்தாழ 390 மீற்றர் அகலம், 100 மீற்றர் ஆழம், அதைத் தவறவிடவே முடியாது. அதை முதுகுக்குப் பின்னால் விட்டுத் தெற்கே வந்தால் வெளுத்த வறண்ட ஏரி, அதில்தான் ஓடுபாதை. நிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3900 அடி, அதனால் எரிபொருள்-காற்றுக் கலவையை மெலிதாக்க மறந்தால் திரும்பி ஏறும்போது எஞ்சின் திணறும். வாவிக் கரையில் பழகிய கைக்கு இது புதிது.

அசலில் அந்த வானுக்குள் நாம் யாரும் போகமுடியாது. சிமுலேட்டரில் யாரும் மறிக்கமாட்டார்கள். அதனால்தான் சொல் சரியாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன், கோடு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போகிற பிள்ளை ஒரு விமானி மாதிரிப் பழகுகிறது.

இன்னும் இரண்டு. இப்படி ஒதுக்குப்புறமான ஓடுபாதைக்கு ‘இறங்குதிடல்’ என்று வைக்கலாமா? ‘இறங்குதுறை’ நமக்கு வள்ளத்துக்குப் போய்விட்டது. வயலுக்கு நடுவே மேடாக, காய்ந்து கிடக்கும் இடத்தைத் திடல் என்கிறோமே, அது பொருந்தும். அப்புறம் தமிழகத்து நண்பர்கள் சொல்லும் ‘பாவனைப் பறப்பு’ இங்கே எடுபடாது, நமக்குப் பாவனை என்றால் உபயோகம், ‘பாவனையாளர்’ என்று தினமும் எழுதுகிறோம். சிமுலேட்டரை அப்படியே சிமுலேட்டர் என்று விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் மறுக்காவிட்டால் வழிகாட்டியில் மாற்றிவிடுவேன். நிபந்தனை நடப்பில் இருக்கும் நேரத்துக்கும் இல்லாத நேரத்துக்கும் ஆளுக்கொரு சின்னச் சொல் வேண்டும், ஒரு மூச்சில் சொல்லக்கூடியதாக. அம்பாறை அண்ணன், வட்டைக்குத் தண்ணீர் திறந்த நாளையும் பூட்டிய நாளையும் உங்கள் பக்கம் பழைய ஆட்கள் எப்படிச் சொல்வார்கள்?